ஒரு தடவைக்குக் கட்டம் இல்லை

துணி தேய்க்கும் ரோலரின் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் இயந்திரம் உடனே நின்றுவிடும் என்று அதற்கு மேலே ஒரு பித்தளைத் தகடு சொன்னது. வாரம் ஒருமுறை அந்தத் தகட்டைப் பளபளவென்று துடைக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் நோட்டில் விதியாக எழுதியிருந்தது. பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எந்த நோட்டிலும் இல்லை. ஆகவே தகடு பளபளத்தது.

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் படுக்கை விரிப்புகள் வெளுத்து உலர்ந்தன. ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பருத்தி நாடாக்கள் அதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மறுபக்கம் அது புதுத் தாள் மாதிரி மொடமொடவென்று வெளியே வரும். இடது முனையில் பெரியவள், வலது முனையில் அவள் தங்கை சின்னவள். ஒன்பது வருடமாக இருவரும் ஒரே விரிப்பின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். வீட்டுச் சண்டையை வேலையிலும் தொடர அது வசதியாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கிழிந்த ஓரம் பெரியவளின் விரலில் சுற்றிக்கொண்டது. நாடாக்கள் விரிப்பை இழுத்தன, விரிப்பு அவளை இழுத்தது. இடது கையால் பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் நிற்கவில்லை. மறுபடியும் அமுக்கினாள். தகடு பளபளத்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. சின்னவள் தன் முனையைப் போட்டுவிட்டு எதிர்ச் சுவரில் இருந்த பெரிய ஸ்விட்சை நோக்கிப் பத்தொன்பது அடி ஓடி அதை அணைத்தாள். அதற்குள் பெரியவளின் வலது கையில் மூன்று விரல்கள் வெந்துவிட்டன.

மேல் மாடியிலேயே டாக்டர்கள் இருந்ததால் விரல்கள் தப்பின, மடங்கத்தான் மறந்துவிட்டன. இரண்டு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பியபோது தையல் அறையில் உட்கார்ந்து தலையணை உறைகளை எண்ணி அடுக்கும் வேலை கொடுத்தார்கள். அது பரவாயில்லை. ஆனால் இடது முனையில் இப்போது சின்னவள் நின்றாள். வலது முனைக்கு ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். எதிர்ச் சுவரில் இருக்கும் ஸ்விட்சை எத்தனை தடவை காட்டினாலும் அவள் மறந்துவிடுவாள். சிவப்புப் பொத்தான் அதே இடத்தில், அதே மாதிரி, ஒரு உபயோகமும் இல்லாமல் இருந்தது.

பெரியவள் மேஸ்திரியிடம் போய் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னாள். மேஸ்திரி நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர்களுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருப்பதில்லை. புகார் பதிவானால்தான் மெக்கானிக் வருவார், புகாரைப் பதிவுசெய்வது மூன்றாம் மாடியில் இருக்கும் நிகழ்வுத் துல்லியப் பிரிவு, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு அவள் கையைப் பார்த்துவிட்டு, அப்படிச் சொன்னதற்காக வருத்தப்பட்டார்.

நிகழ்வுத் துல்லியப் பிரிவு துவங்கிய வரலாறு அதன் வாசலிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. முன்னொரு காலத்தில் ஊழியர்கள் வாய்க்கு வந்தபடி புகார் சொன்னார்களாம். தலைமையகத்துக்கு எதற்கு முதலில் பதறுவது என்று தெரியாமல் போனதாம். அதனால் இனி எல்லாப் புகாரும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நடந்ததைப் பற்றியது என்பதால் இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். அது எவ்வளவு அடிக்கடி நடந்தது என்பதைக் காட்டும் ஒரு சொல், வினைச்சொல்லுக்கு நேர் முன்னால், நகராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கென்று ஆறாம் எண் படிவம் அச்சடித்திருந்தார்கள். அதில் ஆறு கட்டங்கள்: ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர். ஒவ்வொன்றின் கீழும் நூற்றுக்கு எத்தனை என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

பெரியவள் எட்டாவதோடு நின்றவள். சின்னவள் பத்தாவது பாஸ். அந்த இரண்டு வகுப்பு வித்தியாசத்தை அவள் வீட்டில் ஒருநாளும் மறக்கவிட்டதில்லை. அவள்தான் எழுதிக் கொடுத்தாள்: தி மெஷின் பர்ன்ட் மை ஹேண்ட்.

துல்லிய அலுவலர் ஒல்லியான மனிதர். பென்சிலை ஒரு நூலில் கட்டிச் சட்டைப் பையோடு இணைத்திருந்தார். வாக்கியத்தை மூன்று முறை படித்தார். பிறகு மெஷினுக்கும் பர்ன்ட்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"இங்க ஒரு ஓட்டை இருக்கும்மா."

பெரியவள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஓட்டை எதுவும் தெரியவில்லை. அலுவலர் பொறுமையாக விளக்கினார். இயந்திரம் கையை எப்போதும் சுட்டதா, வழக்கமாகச் சுட்டதா, அடிக்கடியா, சில சமயமா, அபூர்வமாகவா, அல்லது சுடவே இல்லையா என்பது இதில் இல்லை. அது இல்லாமல் தலைமையகம் இதை எந்தத் தட்டில் வைக்கும்?

ஒரே ஒரு தடவைதான் என்றாள் அவள்.

அலுவலர் முகத்தில், சின்னப் பிள்ளை ஒன்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டதைப் பார்ப்பது போன்ற ஒரு பரிவு தோன்றியது. "ஒரு தடவைக்குக் கட்டம் இல்லைம்மா. நீங்களே பாருங்க. ஒரு தடவை நடந்ததை வெச்சு ஒரு நிர்வாகம் ஒரு முடிவுக்கு வரலாமா? அது அவசரப்படுற மாதிரி ஆயிடும். இங்க இருவது வருஷமா யாரும் அவசரப்பட்டதில்ல."

குறைந்தபட்சம் மூன்று தடவை நடந்தால் ரேர்லியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். விதியில் அதுதான் கடைசி வரம்பு. அதற்குக் கீழே நெவர் மட்டும்தான்.

அன்று சாயங்காலம் சின்னவளுக்கு ஒரு யோசனை வந்தது. "மூணு விரல் வெந்துச்சில்ல? விரலுக்கொரு தடவைன்னு வெச்சா மூணு ஆச்சே. போய்க் கேளு. நீ வாயத் தொறக்காம உக்காந்துக்கிட்டு வந்திருப்பே, எனக்குத் தெரியும்."

பெரியவள் மறுநாள் போய்க் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அலுவலருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு கேள்வி இந்தப் பிரிவில் இதுவரை எழுந்ததில்லை என்றார். ஃபைல் திறந்தார். தலைமையகத்துக்கு எழுதினார். பதினொரு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, நின்றபடி, தலைமையகம் ஒப்புக்கொண்ட தன் தீர்ப்பை வாசித்தார்:

"ஒரு செயலில் எத்தனை பொருள்கள் சேதமுற்றாலும் செயல் ஒன்றே. பொருள்களின் எண்ணிக்கை தடவைகளின் எண்ணிக்கை ஆகாது. இத்தீர்ப்பு இந்நிறுவனத்தின் அனைத்துப் படிவங்களுக்கும், அனைத்து ஊழியர்களுக்கும், என்றென்றும் பொருந்தும்."

கீழே ஊதா நிறத்தில் முத்திரை. இதைத் தன் பெயரோடு சேர்த்து வருங்காலத்தில் எடுத்துக்காட்டுவார்கள் என்று சொல்லி ஒரு நகலை அவளுக்கும் கொடுத்தார். யாரும் தனக்கு இவ்வளவு அழகான தாளைக் கொடுத்ததில்லை என்பதால் பெரியவள் அதை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையின் உள்பையில் வைத்துக்கொண்டாள்.

படிவத்தை மறுபடி எழுதிக் கொடுப்பதென்றால் முதலில் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்பது அப்புறம் தெரிந்தது. 'கடந்தகாலத்தில் அடிக்கடி' என்பது பயிற்சியின் தலைப்பு. மூன்று நாள். பழைய எக்ஸ்ரே அறையில் நடந்தது. ஜன்னல் கிடையாது, சுவர் ஒன்றரை அடி கனம். உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்பது பிரிவின் மற்ற வேலைகளுக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

பயிற்சியாளர் அம்மாள் ஒரு மர ஏணியோடு வந்தார். உச்சிப் படி ஆல்வேஸ். தரை நெவர். நடுவில் மற்ற நான்கும். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லி அதற்குரிய படியில் ஏறி நிற்க வேண்டும். உடம்பு ஏறினால் மொழி மண்டையில் ஏறும் என்பது அவருடைய கொள்கை. சமையல்கட்டில் வேலை செய்யும் ஒரு குண்டு அம்மாள், தான் தினமும் நாலு மணிக்கு எழுந்ததாகச் சொல்லி உச்சிப் படிக்குப் போய்விட்டு இறங்க முடியாமல் சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பாதி நாள் அவருடைய கால்களுக்குக் கீழேயே பாடம் நடந்தது.

பெரியவளின் முறை வந்தபோது அவள் ஒரு காலைத் தரையில் வைத்து, மறுகாலைக் கடைசிப் படிக்கு அரை அடி கீழே அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க யாரும் நிக்கக் கூடாதும்மா" என்றார் பயிற்சியாளர்.

"எனக்கு நடந்தது இங்கதாங்க இருக்கு."

"அங்க ஒண்ணும் இல்ல. ஏறு, இல்லன்னா இறங்கு."

அவள் இறங்கினாள். பயிற்சிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே, 'முயற்சி உண்டு, இடம் தெரியவில்லை' என்று எழுதினார்கள்.

வாட்ச்மேனுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். வாசலில் காவல் இருக்கும் அவருக்கு ஆங்கிலத்தில் நாலே வினைச்சொற்கள்தான் தெரியும்: போனேன், வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். முதல் மூன்றையும் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். எனவே அவர் மார்பை நிமிர்த்தி, ஐ ஆஃபன் ஸ்லெப்ட் என்றார். அடிக்கடி தூங்கினேன். சொல் வினைக்கு முன்னால் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது. பயிற்சியாளர் கைதட்டினார், எல்லோரையும் தட்டச் சொன்னார். வாட்ச்மேனின் கண்கள் கலங்கிவிட்டன. பள்ளிக்கூடத்தில்கூட அவருக்கு யாரும் கைதட்டியதில்லை.

மறுநாள் அவருக்கு மெமோ வந்தது. பயிற்சியில் சொல்லும் வாக்கியங்கள் எல்லாம் இறந்தகாலத்தில் இருப்பதால் அவை நடந்தவை என்றே கருதப்படும், வாசலில் அடிக்கடி தூங்கியதற்கு விளக்கம் தேவை என்று அதில் இருந்தது. விளக்கமும் ஆறாம் எண் படிவத்தில்தான் தர வேண்டும். பயந்துபோன வாட்ச்மேன் ஏணியின் அடியில் இருந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஐ நெவர் ஸ்லெப்ட் என்று எழுதிக் கொடுத்தார். ஒருபோதும் தூங்காத மனிதர் உடல்நிலை சரியில்லாதவர் என்று கருதி அவரை மேல் மாடியில் படுக்க வைத்தார்கள். சலவைக்கூடத்து மொடமொட விரிப்பில், பணி நேரத்தில், மூன்று பகல் முழுக்க அவர் தூங்குவதை இரண்டு நர்சுகள் குறித்துக்கொண்டார்கள். நல்ல ஆரோக்கியம் என்று முடிவு வந்தது. அதன் பிறகு அவர் யாரிடமும் எந்த மொழியிலும் அதிகம் பேசுவதில்லை. பெரியவளைப் பார்த்தால் மட்டும், "தங்கச்சி, அங்க போயி நடந்ததைச் சொல்லாத. கேக்குறதைச் சொல்லிட்டு வந்துடு" என்பார்.

சான்றிதழோடு அவள் மறுபடி மூன்றாம் மாடி ஏறினாள். அலுவலர் இப்போது அவளை ஒரு சகாவைப் போல நடத்தினார். நாற்காலி கொடுத்தார். இருவரும் சேர்ந்தே வழி தேடலாம் என்று கட்டங்களை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஆல்வேஸ் போட்டால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் கை வெந்ததற்கு டாக்டர் சீட்டு இணைக்க வேண்டும், ஒன்பது வருடத்துக்கு மூவாயிரம் சீட்டு வரும், டாக்டர்கள் சம்மதிப்பது சந்தேகம். யூஷுவலிக்கு வழக்கம் என்று நிரூபிக்க மேலதிகாரி கடிதம் வேண்டும், கை வேகும் வழக்கம் இருக்கிறது என்று எந்த மேலதிகாரியும் எழுத மாட்டார். ஆஃபனுக்குப் பத்து, சம்டைம்ஸுக்கு ஐந்து, ரேர்லிக்கு மூன்று. அவளிடம் இருப்பது ஒன்று.

கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நெவர் ஒண்ணுக்குத்தாம்மா இணைப்பே தேவையில்ல. நடக்கலன்னு சொல்றதுக்கு எதுக்குச் சாட்சி? 'தி மெஷின் நெவர் பர்ன்ட் மை ஹேண்ட்'னு எழுதுங்க. இன்னைக்கே பதிவு, இன்னைக்கே தீர்வு. இந்த வருஷம் இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு புகாரை இப்படித்தான் தீர்த்து வெச்சிருக்கோம். தலைமையகத்துல பாராட்டுக் கடிதம் குடுத்தாங்க. அதோ, மாட்டியிருக்கு."

பெரியவள் அந்தக் கடிதத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். மடங்காத மூன்று விரல்களும் அலுவலரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. அவள் வேண்டுமென்று நீட்டவில்லை, அவற்றால் வேறு விதமாக இருக்க முடியாது.

"சுட்டுச்சே சார்."

"சுட்டதை யாரும்மா மறுக்கிறாங்க? எனக்கே மனசு கஷ்டமா இருக்கு. ஆனா என் மனசு ஒரு கட்டம் இல்லையே."

கைக்கு இனிமேல் ஒன்றும் வேண்டாம், பொத்தானைச் சரிசெய்தால் போதும், அங்கே இப்போது தன் தங்கை நிற்கிறாள் என்று அவள் சொன்னாள். வேறு வழி தெரியாமல், அடுத்தது அவள் கை போனால் அதையும் சேர்த்து இரண்டு என்று எண்ணிக்கொள்வீர்களா என்றும் கேட்டாள். கேட்ட வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

அலுவலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வருத்தத்தோடு தலையசைத்தார்.

"சேராதும்மா. ஆளுக்கு ஆள் தடவை தனி. உங்க தங்கச்சிக்கு ஒண்ணுலருந்து ஆரம்பிக்கும்."

பெரியவள் எழுந்தாள். நாற்காலியை இருந்த இடத்தில் சரியாகப் போட்டுவிட்டு வந்தாள். வீட்டில் அன்று தங்கையிடம், ரோலரிலிருந்து தள்ளி நில் என்று மட்டும் சொன்னாள். தள்ளி நின்றால் விரிப்பு என்ன தானாகவே நடந்து போகுமா என்று கேட்டாள் சின்னவள்.

அடுத்த வாரம் சின்னவளின் சட்டைக் கையை நாடாக்கள் இழுத்தன. பொத்தானை அமுக்கினாள், அது வேலை செய்யாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும், ஆனாலும் கை தானாக அங்கேதான் போயிற்று. புதுப் பெண் முனையைப் பிடித்தபடி அலறினாள், ஓடவில்லை. நல்ல வேளையாகச் சட்டை பழையது. தோளிலிருந்து கிழிந்து கை மட்டும் உள்ளே போய், மறுபக்கம் நன்றாக இஸ்திரியாகி மொடமொடவென்று வெளியே வந்தது.

சின்னவள் அதை எடுத்துக்கொண்டு தையல் அறைக்கு வந்தாள். ஒரு கை இல்லாத சட்டையோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா, தெச்சுக் குடு. உன்கிட்ட கையைக் கேட்டுச்சு, என்கிட்ட மரியாதையா சட்டையோட விட்டுடுச்சு. பத்தாவது படிச்சவன்னு தெரிஞ்சிருக்கு போல."

சிரித்து முடித்ததும் மொட்டைத் தோளை மறு கையால் பொத்திக்கொண்டாள். பெரியவள் அந்தத் துணிக்குழாயை வாங்கினாள். அது இன்னும் சூடாக இருந்தது. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், வலது கைக்கு ஊசி பிடிபடவில்லை. ஊசியை வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே போனதும் அவள் தையல் அறையின் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். ரோலர் அணைந்திருந்தது. நாடாக்களைப் பிடித்திருக்கும் கம்பியின் திருகைத் தளர்த்தினாள். ஒன்பது வருடத்தில் தேய்ந்த நாடாவைப் பலமுறை மாற்றியவள் என்பதால் அது பழகிய வேலை. பன்னிரண்டும் தொளதொளவென்று தொங்கின. அவற்றை ஒன்றாகச் சேர்த்து முழங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வெட்டினாள். பிறகு கத்தரிக்கோலைத் துடைத்துத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையைத் திறந்து சாப்பிட்டாள்.

மேஸ்திரி வந்து பார்த்தார். யார் என்று கேட்டார். நான்தான் அண்ணே என்றாள். இதற்குப் பெயர் பொருள் சேதம், வேலையே போய்விடும் என்று மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் குற்றச்சாட்டு எழுத அவருக்கும் அதிகாரம் இல்லை. நடந்தது எதுவானாலும் மூன்றாம் மாடியில்தான் நடந்ததாக வேண்டும்.

விசாரணைக்கு அலுவலர் புதுப் பென்சில் சீவி வைத்திருந்தார். இந்த முறை நாற்காலி கொடுக்கவில்லை. மேஸ்திரியும் சின்னவளும் கதவோரம் நின்றார்கள். சின்னவள் அக்காவின் முந்தானையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தாள், அக்கா கீழே விழுந்துவிடுவாள் என்பது போல.

நன்றியில்லாத செயல் என்று அலுவலர் தொடங்கினார். இவ்வளவு கவனமாக ஒரு பிரிவு உங்களுக்காக உழைத்துக்கொண்டிருக்கும்போது, முறை தவறி, ஒரு கத்தரிக்கோலால் பேசிவிட்டீர்களே என்றார். ஆறாம் எண் படிவத்தை எடுத்து, ஷீ என்று எழுதினார். ஒரு இடம் விட்டார். கட் தி டேப்ஸ் என்று எழுதினார். பிறகு அந்த இடத்தைப் பார்த்தார்.

"எத்தனை நாடா?"

"பன்னெண்டு சார்."

அவர் முகம் தெளிந்தது. "பன்னெண்டு. பத்துக்கு மேல வருது. ஆஃபன்." பென்சில் கட்டத்தை நோக்கிப் போனது. ஆஃபன் என்றால் வேலைநீக்கம் என்று மேஸ்திரி சின்னவளின் காதில் முணுமுணுத்தார். சின்னவளின் பிடி இறுகியது.

பெரியவள் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். உள்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, மடிப்புகளை நீவி, மேஜைமேல் வைத்தாள். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறை இருந்தது. ஊதா முத்திரை அப்படியே இருந்தது.

அலுவலர் படித்தார். ஒரு செயலில் எத்தனை பொருள்கள் சேதமுற்றாலும் செயல் ஒன்றே. அவருடைய உதடுகள் தன் சொற்களைத் தாமே அசைத்துப் பார்த்தன. அனைத்துப் படிவங்களுக்கும், அனைத்து ஊழியர்களுக்கும், என்றென்றும்.

"ஒண்ணொண்ணா வெட்டினீங்களா?" என்றார், கடைசி நம்பிக்கையோடு.

"இல்ல சார். பன்னெண்டையும் சேத்துப் பிடிச்சு ஒரே வெட்டு. இடது கைங்கறதால கொஞ்சம் நேரமாச்சு."

சுவரில் பாராட்டுக் கடிதம் தொங்கிக்கொண்டிருந்தது. அலுவலர் ரேர்லியைப் பார்த்தார். அதற்கு இன்னும் இரண்டு குறைந்தது. தலைமையகம் ஒப்புக்கொண்ட தீர்ப்பைத் தலைமையகத்திடமே தவறு என்று எழுதுவது எப்படி என்று யோசித்தவர் போல மேற்கூரையைப் பார்த்தார். இருபது வருடப் பழக்கத்தில் பென்சில் தானாகவே கடைசிக் கட்டத்துக்கு இறங்கிப்போய், அங்கே ஒரு குறி போட்டது. பிறகு விட்ட இடத்தில் நெவர் என்று எழுதினார். அவள் நாடாக்களை ஒருபோதும் வெட்டவில்லை. இணைப்பு தேவையில்லை. நானூற்றுப் பதின்மூன்று.

"திரும்ப இப்படிச் செய்வீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடம் கிடையாது, அதனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார்.

பெரியவள் எப்போதும்போலத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு தடவை பாக்கி இருக்கு சார்."

வெட்டப்படாத நாடாக்கள் தேய்ந்துதான் அறுந்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. தேய்ந்த பொருளுக்குப் புகார் வேண்டாம், மேஸ்திரியின் நோட்டில் ஒரு வரி போதும். பன்னிரண்டையும் மொத்தமாக மாற்றுவதென்றால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். வெளியூர் மெக்கானிக் ஒருவர் ஒரு தோல் பையோடு வந்தார். நாடாக்களை மாட்டி முடித்துவிட்டு, பையை மூடும் முன்னால் பழக்கதோஷமாகச் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. பித்தளைத் தகட்டைக் கழற்றினார். பின்னால் இரண்டு கம்பிகள் நுனியில் கறுப்பு நாடா சுற்றி, ஒன்றையொன்று தொடாமல், இயந்திரம் வாங்கிய நாளிலிருந்து அப்படியே இருந்தன. நாலு நிமிஷத்தில் இணைத்துவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து போட்டுக் குடுத்திருப்பேனே" என்றார்.

புகார் நடவடிக்கையில் இருந்தது என்றார் மேஸ்திரி.

பெரியவள் தையல் அறை வாசலில் தலையணை உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ரோலர் ஓடத் தொடங்கியது. சின்னவள் முதல் விரிப்பை எடுக்கவில்லை. இடது முனைக்குப் போய் நின்று, பொத்தானை அமுக்கினாள். உருளைகள் நின்றன. கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடி ஓடவிட்டு, மறுபடி அமுக்கினாள். நின்றது. ஈர விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, எத்தனை தடவைதான் அமுக்குவாய் என்று மேஸ்திரி கத்தினார்.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா உறைகளுக்கு மேலே மடங்காத மூன்று விரல்களைக் காட்டினாள்.

சின்னவள் மூன்றாம் தடவையும் அமுக்கினாள். இயந்திரம் நின்றது. இனி அதைப் படிவத்தில் எழுதலாம்.